எட்டும் ஒன்பதும் இல்லாத காலை

அத்தியாயம் 11

“அண்ணி, இந்த மிஷின்கிட்ட நான் கேக்காத கேள்வி இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். ‘நீயெல்லாம் நல்லா இருப்பியா?’ன்னு. அதையும் கேட்டுடட்டுமா?”

தராசு சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

காலை ஆறரை மணி. சாப்பாட்டு மேசை மேல் ஒரு லேப்டாப், இரண்டு டம்ளரில் ஆறிப்போன டீ, ஒரு மூட்டுவலித் தைலம். மேசைக்கு இந்தப் பக்கம் தராசு, அந்தப் பக்கம் அவளுடைய நாத்தனார் காத்தாடி. அண்ணியும் நாத்தனாரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வந்து விலக்கிவிட வேண்டும் என்பார்கள். இவர்கள் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார்கள். விலக்கிவிட வேண்டிய மனிதர், அதாவது ஒருத்திக்குப் புருஷனும் இன்னொருத்திக்கு அண்ணனுமானவர், உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தராசு என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். இருபத்தெட்டு வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தாள். தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துகிற வியாபாரியைத் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு சும்மா இருக்கத் தெரியாமல் துப்பறியும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காத்தாடிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, காற்றுமானி விற்கிற கம்பெனியில் நாலு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். இன்னொன்று, அவள் வாய் நின்று யாரும் பார்த்ததில்லை.

“கேள்வியை விடு. பதில் என்ன சொல்லுது?” என்றாள் தராசு.

“எல்லாம் சரியா இருக்காம். காத்துமானி ரெண்டு வருஷம் எழுதின பதிவு, எழுநூத்து முப்பது நாளு, எழுநூத்து முப்பது கோப்பு. ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்து நானூத்து நாப்பது வரி. நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒரு வரி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இவ்வளவு ஒழுங்கான பிள்ளையை நான் பெத்திருந்தா தெருவெல்லாம் பெருமையடிச்சிருப்பேன்.”

தராசு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். மதியம் இரண்டு மணிக்குக் கோர்ட்டில் விசாரணை. கையில் ஒன்றுமில்லை.

வழக்கைச் சொல்ல நாலு வரி போதும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் யார்டில், காலை எட்டு முப்பத்தெட்டுக்குக் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கிரேனில் தொங்கிய பெட்டி ஆடிப்போய், கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவர் மேல் மோதியது. ஆள் அங்கேயே போய்விட்டார். காற்று எல்லை மீறினால் கூரைமேல் இருக்கும் காற்றுமானி சைரனை அடிக்கும். சைரன் அடித்தால் கிரேனை நிறுத்த வேண்டும். இது யார்டின் சட்டம். எட்டு இருபத்தொன்றுக்கே சைரன் அடித்துவிட்டது, பதினேழு நிமிடம் டிரைவர் அதைக் காதில் வாங்கவில்லை என்று யார்டு தன் காற்றுமானிப் பதிவைக் காட்டிச் சொன்னது. அடிக்கவே இல்லை என்று கிரேன் டிரைவர் சொன்னார். மற்ற தொழிலாளிகள் சம்பளம் வாங்குகிறவர்கள். ‘அந்த இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை’ என்று மதில்மேல் பூனையாக நின்றுவிட்டார்கள். டிரைவர் இப்போது சிறையில்.

செத்துப்போனவர் அவருக்கு மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

அந்த மனைவி தையல்காரி. பத்து நாள் முன்பு இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஊசி குத்திக் காய்த்த விரல்களைப் பார்த்தபடி பேசினாள்.

“ஜெயில்ல இருந்தா இருக்கட்டும் மேடம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தச் சைரன் அடிச்சுதா, இல்லையா? அடிச்சும் இவரு நிறுத்தலைன்னா எங்க அண்ணனைக் கொன்னது இவருதான். அடிக்கலைன்னா...” முந்தானையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தாள். “மூணு மாசமா அவரு முகத்தை நான் பாக்கலை. கோர்ட்டுல பின் பெஞ்சுல உக்காந்து முதுகை மட்டும் பாத்துட்டு வர்றேன். காத்துமானி கம்பெனியில இருந்த அக்கா ஒருத்தங்க உங்ககிட்ட இருக்காங்கன்னு வக்கீல் சொன்னாரு. அதான் வந்தேன்.”

வந்தவளை எப்படித் திருப்பி அனுப்புவது?

முதல் இரண்டு நாள் நேர வித்தியாசத்தில் போயிற்று. வானிலை மையத்தின் பதிவு உலகப் பொது நேரத்தில் இருந்தது, யார்டின் பதிவு உள்ளூர் நேரத்தில். குட்டு அங்கேதான் என்று இருவரும் துள்ளினார்கள். காத்தாடி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதாவது கம்ப்யூட்டர் வரிவரியாகப் படித்துச் செய்யவேண்டிய கட்டளைகளைக் கோத்து, இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்தாள். வானிலை மையக் கணக்கில் எட்டு முப்பத்தாறு வரை இலை அசையவில்லை. யார்டின் கணக்கில் எட்டு இருபதுக்கே பேய்க்காற்று. “அந்த நிலையம் ஆத்துக்கு அந்தப் பக்கம், பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அங்க அசையலைன்னா இங்கயும் அசையக்கூடாதா?” என்று யார்டின் வக்கீல் ஒரே வாயில் ஊதித் தள்ளிவிட்டார். கிணறு வெட்டப் பூதம்கூடக் கிளம்பவில்லை, வெறும் தண்ணீர் இல்லாத கிணறு.

தராசு டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, அது ஆறிப்போனது நினைவுக்கு வந்து, பரவாயில்லை என்று இன்னொரு வாயும் குடித்தாள்.

“காத்தாடி, நம்ம ஒரு நாள் கோப்புதானே கேட்டோம். எதுக்கு ரெண்டு வருஷத்தைத் தூக்கிக் குடுத்தாங்க?”

“மிஷின் யோக்கியம்னு காட்டத்தான். கல்யாணப் பெண்ணைப் பாக்க வந்தவங்ககிட்ட ஒண்ணாம் கிளாஸ் மார்க் ஷீட்டுல இருந்து எடுத்து நீட்டுற மாதிரி.”

“மூட்டை எடை சரியா இருந்தா உள்ள இருக்கறதும் சரின்னு அர்த்தமா? ஒரு தடவை அம்பது கிலோ மூட்டை, துல்லியமா அம்பது இருந்துச்சு. அவிழ்த்துப் பாத்தா நாலு கிலோ கல்லு. நீ எத்தனை வரின்னு எண்ணினே. என்னென்ன வரின்னு எண்ணினியா?”

காத்தாடி கீபோர்டை இழுத்துக்கொண்டு ஒரே வரி தட்டினாள். ஒவ்வொரு கோப்பிலும் மணியை மட்டும் வெட்டு, அடுக்கு, எது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு.

திரையில் எண்கள் ஓடின. பூஜ்ய மணிக்கு அறுபது வரி, ஒரு மணிக்கு அறுபது. ஆறு வரைக்கும் அப்படித்தான்.

“ஏழு மணிக்கு...” காத்தாடி நிமிர்ந்தாள். “நூத்தி எண்பதா?”

“எட்டுக்கு?”

“எட்டே இல்ல அண்ணி. ஒன்பதும் இல்ல. அடுத்தது நேரா பத்து. அறுபது.”

“வேற நாளைப் பாரு.”

வேறு நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும், போன வருடமும், அதற்கு முந்தின வருடமும் அப்படியே. ஏழு மணி மூன்று தடவை வந்தது. ஏழு முதல் ஏழு ஐம்பத்தொன்பது வரை, மறுபடி ஏழு முதல், மறுபடியும் ஏழு முதல். எட்டும் ஒன்பதும் கடிகாரத்திலிருந்தே ஓடிப்போயிருந்தன.

காத்தாடி நாற்காலியில் சாய்ந்து கைகொட்டிச் சிரித்தாள். “அடப்பாவி! இது அந்தப் பூஜ்ய வியாதி அண்ணி. மிஷினுக்குள்ள ஓடுற ஸ்கிரிப்டைப் படிச்சு நடத்துற புரோகிராம், ஷெல்லுன்னு பேரு, அதுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எண்ணுக்கு முன்னாடி பூஜ்யத்தைப் பாத்துட்டா, ‘ஓகோ, இது எட்டு எட்டா எண்ணுற கணக்கு’ன்னு நெனச்சிக்கும். அந்தக் கணக்குல ஏழோட இலக்கம் தீந்துபோச்சு. பூஜ்யம் ஏழு வரைக்கும் சமத்தா போகும். பூஜ்யம் எட்டுன்னதும், ‘அப்படி ஒரு எண்ணே உலகத்துல கிடையாது’ன்னு கையை விரிச்சிடும். புது மணி கிடைக்காது, அதனால பழைய ஏழையே கட்டிக்கிட்டு அழும்.”

“பத்துக்கு?”

“பத்துக்கு முன்னாடி பூஜ்யம் இல்லையே. தெளிஞ்சி எழுந்துடும். எழுதறவன் கொஞ்சம் கவனிச்சு ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தா இது வரவே வராது. எந்த மடையன் எழுதினானோ! அவன் கையில கிடைச்சா விரலை ஒடிக்கணும்.”

“விரலை அப்புறம் ஒடிக்கலாம். விபத்து நடந்த நாளைப் பாரு.”

காத்தாடி பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது.

ஏழு மணி, அறுபது வரி. எட்டு மணி, அறுபது. ஒன்பது மணி, அறுபது. எழுநூற்று முப்பது நாளில் அந்த ஒரு நாள் மட்டும் மிஷினுக்கு எட்டும் ஒன்பதும் தெரிந்திருந்தது. மறுநாள் மறுபடி மறந்துபோயிருந்தது.

“பொய் எப்பவுமே உண்மையைவிட அழகா இருக்கும்” என்றாள் தராசு. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் முட்டி வலித்தது, கண் எரிந்தது, சந்தோஷம் வருகிற வழியிலேயே எங்கோ உட்கார்ந்துவிட்டது. “யாரோ உக்காந்து எட்டையும் ஒன்பதையும் கையால எழுதியிருக்காங்க. சரி, அது பொய்னு ஆச்சு. அன்னிக்கு சைரன் அடிச்சுதா இல்லையான்னு இன்னும் தெரியலையே. அவளுக்கு வேண்டியது அதுதான்.”

யார்டின் விதிப்புத்தகம் மேசையடியில் கிடந்தது. குனிந்து எடுக்க ஒரு பெருமூச்சு செலவாயிற்று. எட்டாம் பக்கத்தில் விரலை வைத்தாள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் தூக்கம் கெடுகிறது என்று புகார் செய்ததால், சைரன் வேலை நேரத்தில் மட்டுமே அடிக்கும்.

“வேலை நேரம்?”

“எட்டு மணியில இருந்து...” காத்தாடி பாதியில் நிறுத்தினாள். “அண்ணி. மிஷினுக்கு ஏழு மணிதானே அப்போ.”

“ஆமா. அதைப் பொறுத்தவரைக்கும் இன்னும் யாரும் வேலைக்கே வரலை.”

உள்ளறையில் குறட்டை நின்று மறுபடி தொடங்கியது. இருவரும் எழுந்தார்கள்.

டிரைவரின் வக்கீல் வாங்கி வைத்திருந்த கோர்ட் அனுமதி, காற்றுமானியைப் பரிசோதிக்க ஒரு காலை நேரம் மட்டும் தந்தது. யார்டின் வாசலில் தையல்காரி ஏற்கெனவே காத்திருந்தாள். அவளை உள்ளே விடவில்லை. கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நிற்கிறவர்களைக் கடந்து போவதுதான் தராசுக்கு எப்போதும் கஷ்டம்.

மேனேஜர் இஸ்திரி மடிப்புக் கலையாதவர். பக்கத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், நகம் கடித்துக் கடித்து இனிக் கடிக்க ஏதுமில்லாதவர். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது ஐம்பது.

தராசு இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். “இது எல்லா நாளும் இருக்கற மாதிரி. எட்டும் ஒன்பதும் இல்ல. இது விபத்து நாள். ரெண்டும் இருக்கு.”

மேனேஜர் தாளைத் தொடவே இல்லை. “ஏதோ கோளாறு இருந்துச்சு. அன்னிக்குச் சரி பண்ணியிருந்தோம்.”

“மறுநாளே கெட்டுப்போச்சா?”

“மிஷின்தானே. கெடும்.”

“ரெண்டு வருஷம் கெட்டுக் கிடந்தது, ஆள் சாகிற அன்னிக்கு மட்டும் எழுந்து உக்காந்து, நாள் முடிஞ்சதும் படுத்துக்கிச்சு” என்றாள் காத்தாடி. “இவ்வளவு விசுவாசமான மிஷினுக்கு நீங்க போனஸ் குடுக்கணும் சார்.”

“காத்தாடி, மேல போ” என்றாள் தராசு.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் சட்டென்று நிமிர்ந்தார். கூப்பிட்டவளைப் பார்த்தார், கூப்பிடப்பட்டவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர்போல் உதட்டைப் பிரித்து, மேனேஜர் பக்கம் ஒரு பார்வை போட்டு, மூடிக்கொண்டார். தராசு அதைக் கவனித்தாள். கவனித்ததை எங்கே வைப்பது என்று அப்போது தெரியவில்லை.

கூரைக்கு இரும்பு ஏணி. தராசின் முட்டி பாதியில் நின்று சங்கு ஊதியது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் ஏறினாள். மேலே காற்றே இல்லை. கம்பத்தின் நுனியில் மூன்று கிண்ணங்களோடு காற்றுமானி சும்மா இருந்தது.

“காத்தில்லாத நேரத்துல எப்படிங்க சோதிப்பீங்க?” மேனேஜர் சிரித்தார்.

“காத்து இல்லேன்னா என்ன, என் விரல் இருக்கே” என்று காத்தாடி கிண்ணத்தை ஒரு சுழற்றுச் சுழற்றினாள். ஆபரேட்டர் கையில் இருந்த சின்னத் திரையில் எண் குபீரென்று ஏறி எல்லையைத் தாண்டியது. சைரன் பேசவில்லை. காத்தாடி நிறுத்தாமல் சுற்றினாள். ஒன்பது ஐம்பத்தாறு. ஒன்பது ஐம்பத்தேழு. திரையில் புயல், கூரையில் நிசப்தம்.

“அண்ணி, கை கழண்டு விழுந்தா உங்க வீட்டுக்காரர்கிட்ட நஷ்ட ஈடு கேப்பேன்.”

“சுத்து.”

ஒன்பது ஐம்பத்தொன்பது. மேனேஜர் சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார்.

பத்து அடித்தது. சைரன் அலறியது.

கீழே யார்டு முழுக்க அத்தனை பேரும் வேலையை நிறுத்தி மேலே பார்த்தார்கள். காற்றில்லாத வானத்தின் கீழ் ஒரு பெண் விரலால் சுற்ற, சைரன் ஓலமிட்டது. ஒரு தொழிலாளி தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் ஐந்து நிமிடமாகச் சுற்றியதைப் பார்த்திருந்தவர்களுக்கு எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே இரண்டு வருடமாகத் தங்கள் தலைக்கு மேல் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவர்களுக்கே விளங்கிவிட்டது. இந்த ஊரில் காற்று மத்தியானத்துக்கு மேல்தான் எழும்பும். அதனால் அதுவரை பிழைத்திருந்தார்கள்.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு, வக்கீலோடு பேசவேண்டும் என்று முணுமுணுத்தபடி ஏணியில் இறங்கிப் போனார். ஆபரேட்டர் கூரைச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அந்த எட்டையும் ஒன்பதையும் நான்தாம்மா எழுதினேன். அன்னிக்குச் சாயங்காலம் கோப்பைத் திறந்தா ஏழு மணி மூணு தடவை வருது. என் சர்வீசுல அப்பத்தான் முதல் தடவை அதைத் திறந்தே பாக்கறேன். மேனேஜர், ‘எட்டு மணி எங்கடா?’ன்னாரு. ‘இல்ல சார்’னேன். ‘இருக்கற மாதிரி பண்ணு’ன்னாரு. வீட்டுல ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா அந்த ஸ்கிரிப்ட் நான் எழுதினது இல்லம்மா. காத்துமானியோட கம்பெனி குடுத்தது. கை வைக்காதேன்னு அதுலயே எழுதியிருந்துச்சு. நான் கை வைக்கலை.”

“காட்டுங்க” என்றாள் தராசு.

கீழறையில் அவர் திரையில் திறந்து காட்டினார். நாற்பது வரிகூட இல்லை. ஒரு மனித உயிரை எடுக்க அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. காத்தாடி வழக்கம்போல முன்னால் சாய்ந்து, ஏதோ கிண்டலுக்கு உதட்டைக் குவித்து, முதல் வரியைப் படித்தாள்.

ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதியிருந்தது. ‘காத்தாடி எழுதியது. ஒழுங்காத்தான் ஓடுது. கை வைக்காதீங்க.’

காத்தாடி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எட்டு வருஷம் முன்னாடி” என்றாள் காத்தாடி. அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. “முதல் வாடிக்கைக்காரருக்காக எழுதினேன். நான் அங்கிருந்து வந்து ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் இதையேவா நகல் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்காங்க... மத்தியானம் மூணு மணிக்கு டெஸ்ட் பண்ணேன் அண்ணி. அருமையா அடிச்சுது. எல்லாரும் கைதட்டினாங்க. அன்னிக்கு ஸ்வீட் கூட வாங்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

தராசுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு பெட்டி முழுக்க வாங்கி வந்து, அண்ணனுக்கு ஒன்று தந்துவிட்டு மீதியை இவளே தின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாய்ச்சண்டை போட்டே வளர்ந்த பாசம் அது. சொந்தத் தங்கையிடம்கூட அவளுக்கு அத்தனை ஒட்டுதல் இல்லை. இன்று காலை இந்தப் பெண் எழுதியவனின் விரலை ஒடிக்கவேண்டும் என்றாள். அந்த விரல்கள் இப்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஆபரேட்டர் தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது தாழ்ந்த குரலில், “முதல் வரி வேண்டாம்னா அதை விட்டுட்டு மறுபடி அச்செடுக்கலாம்மா. வழக்குக்கு அது தேவையில்ல. ஒரு நொடி வேலை” என்றார். பாவம், அவரும் கெட்டவர் இல்லை.

‘அப்படிச் செய்ய வேண்டாம்’ என்று தராசு உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு, “இருக்கட்டும்” என்று தாளை வாங்கிக்கொண்டு நடந்தாள். காத்தாடி ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் வந்தாள். வாசல் வரை இருநூறு அடி. இருபது வருடத்தில் அந்த நாத்தனார் பேசாமல் நடந்த முதல் இருநூறு அடி அதுதான்.

டிரைவர் வெளியே வந்துவிடுவார், அது நிச்சயம். மேனேஜர் மாட்டிக்கொள்வார். தையல்காரி கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கணக்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறதே என்று தராசின் களைத்த மனம் அவளிடம் வக்கீல்போல வாதாடியது. இதற்கு மேல் ஒரு பெயர் எதற்கு?

“சைரன் சத்தம் கேட்டுச்சு மேடம்” என்றாள் தையல்காரி, கம்பியை விடாமல். “இப்ப அடிச்சுதே. அன்னிக்கு?”

“அன்னிக்கு அடிக்கலைம்மா. அடிச்சிருக்கவே முடியாது. உன் வீட்டுக்காரர் சொன்னது நிஜம்.”

தையல்காரி அழவில்லை. நெற்றியைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. பிறகு நிமிர்ந்து, “ஏன் அடிக்கலை?” என்றாள்.

தராசு கம்பி இடுக்கு வழியாகத் தாளை நீட்டினாள். “இதுதான் அந்த மிஷினுக்கு எழுதிவச்ச கட்டளை. இதுல ஒரு தப்பு இருந்திருக்கு. எட்டு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் அதுக்கு நேரம் தெரியாது.”

தையல்காரி இழுத்தாள். தாள் வரவில்லை. தராசு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி” என்றது பின்னாலிருந்து குரல். “கையை எடுங்க.”

தராசு குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கட்டைவிரல் தாளின் உச்சியில், முதல் வரியின்மேல், அதை முழுதாக மறைத்து அழுத்திக்கொண்டிருந்தது. பறந்துவிடாமல் இருக்கப் பிடித்ததாகச் சொல்லலாம்தான். காற்றுதான் இல்லையே.

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை கட்டைவிரல்களைப் பிடித்திருப்பாள். ‘நான் வேணும்னு வைக்கலம்மா, தானா வந்து உக்காந்துடுச்சு’ என்று ஒவ்வொருவனும் கெஞ்சும்போது, ஒருவனையும் அவள் நம்பியதில்லை.

“காத்தாடி, யோசிச்சுக்கோ” என்றாள், திரும்பாமல்.

“யோசிச்சேன். இதை எத்தனை யார்டுல மாட்டியிருக்காங்களோ தெரியாது. நாளைக்கும் எட்டு மணி வரும் அண்ணி. எடுங்க.”

தராசு விரலை எடுத்தாள். தன் உடம்பிலேயே இவ்வளவு கனமான ஒன்று இருந்ததை அவள் அதுவரை அறிந்ததில்லை.

தையல்காரி தாளைக் கண்ணருகே கொண்டுபோய், ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள்.

“காத்தாடி எழுதியது. ஒழுங்காத்தான் ஓடுது...” நிமிர்ந்தாள். “காத்தாடின்னா யாரு?”

“நான்தான்” என்றாள் காத்தாடி.

தையல்காரி அவளைப் பார்த்தாள். கோபம் வருகிற முகமாக இருந்து, வரவில்லை. அழுகையும் வரவில்லை. வெகுநேரம் பார்த்தாள். காத்தாடி கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள்; அது எவ்வளவு பெரிய வேலை என்று பக்கத்தில் நின்ற தராசுக்குத் தெரிந்தது.

“இதைக் கோர்ட்டுல சொல்லுவீங்களா?” என்றாள் தையல்காரி கடைசியில்.

“ரெண்டு மணிக்கு. நானே சொல்றேன்.”

தையல்காரி தாளை நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். இரண்டு அடி நடந்தவள் நின்று திரும்பினாள். காத்தாடியைப் பார்க்கவில்லை. தராசிடம்தான் கேட்டாள்.

“முன் பெஞ்சுல உக்காரணும்னா எத்தனை மணிக்குப் போகணும் மேடம்?”